புதுக் கைத்துப்பாக்கியை ரேஞ்சில் முதல்முறை சுட்டுப் பார்ப்பது எப்படி? (கிளாக் 19, ரூகர் மார்க் 4)

டாலஸ் பக்கம் என் நண்பர்களில் கைத்துப்பாக்கி வாங்கியவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வாங்கியாச்சு, ரேஞ்சுக்குப் போய் என்ன செய்யணும்?" (ரேஞ்ச் என்றால் சுட்டுப் பழகும் இடம்.) கடையில் இதைச் சொல்லித் தருவதில்லை. யூடியூபில் சொல்பவர்கள் சின்ன வயதிலிருந்தே தாத்தாவோடு சுட்டுப் பழகியவர்கள், நமக்கோ தீபாவளிக்குக் கேப் வெடித்ததோடு சரி. அதனால் என்னுடைய இரண்டு புதுத் துப்பாக்கிகளை, 9 மி.மீ. கிளாக் 19 ஒன்று, .22 ரூகர் மார்க் 4 ஒன்று (9 மி.மீ., .22 என்பவை தோட்டா அளவுகள்), நான் சோதித்துப் பார்த்த முறையை எழுதுகிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை.

(அடுத்த பத்தி பிறகு சேர்த்தது. நிறையப் பேர் கேட்டதால் மேலேயே வைத்துவிட்டேன்.)

எச்-1பி, எஃப்-1, எல்-1 மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியை வாங்குவது இருக்கட்டும், கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பனுடையதை வாங்கி "சும்மா ரெண்டு ரவுண்டு" சுடுவதும் இதில் வரும். தெரிந்தே கொடுத்த நண்பனுக்கும் சிக்கல்தான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் குடியேற்ற நிலையைப் பற்றிய கேள்விகளுக்கு நிதானமாகப் படித்துப் பதில் எழுதுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அது மாறவே கூடாது. முதலில் மேகசினை (தோட்டா நிரப்பும் கூட்டை) கழற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைடைப் (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம், மார்க் 4-ல் அந்த வேலையைச் செய்வது போல்ட்) பின்னால் இழுத்து நிறுத்தி, சேம்பருக்குள் (வெடிக்கப் போகும் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால் உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும், ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிக்கொள்ளும். அப்புறம் மேகசினைக் கழற்றிவிட்டுக் "காலி" என்று நினைத்துக்கொண்டிருப்போம். கிளாக்கில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சுத்தம் செய்யப் பிரிப்பதற்கே ட்ரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும், கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டியும் (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) அதில் கிடையாது. பிரிக்கும் மேசையில் தோட்டாப் பெட்டியே இருக்கக் கூடாது, பக்கத்து அறையில் வையுங்கள்.

புதுக் கிளாக்கின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு கிரீஸ் இருக்கும். அதை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள், கம்பெனியே விடச் சொல்கிறது. பேரலுக்குள் (குழலுக்குள்) மட்டும் துணி விட்டு இழுத்தால் போதும். மார்க் 4-ல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி இரண்டாகப் பிரிந்துவிடும். 2017 ஜூனுக்கு முன் தயாரான மார்க் 4 செகண்ட் ஹேண்டாகக் கிடைத்திருந்தால், சேஃப்டி கோளாறுக்காகத் திரும்ப அழைத்தவற்றில் அதுவும் உண்டா என்று ரூகர் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

தோட்டா வாங்கும்போது பேரலில் பொறித்திருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒரே தோட்டாவைக் குறிக்க வேண்டும். "9 மி.மீ." என்று பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல: கிளாக் 19-க்கு வேண்டியது 9x19, அதாவது 9 மி.மீ. லூகர். மகரோவ் 9x18 வேறு தோட்டா. பழக்கத்துக்கு 115 கிரெய்ன் (குண்டின் எடை) எஃப்.எம்.ஜே. (உலோகம் போர்த்திய சாதாரணக் குண்டு) போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்டீல் உறை போட்டதை வாங்காதீர்கள், பல உள்ளரங்க ரேஞ்சுகளில் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என்ன உடுத்துவது, எதைக் காதில் மாட்டுவது

கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட், தொப்பி, மூடிய ஷூ. பெண்கள் அகலக் கழுத்துக் குர்த்தியைத் தவிர்த்துவிடுங்கள். காரணம் ஃபேஷன் இல்லை. வெளியே தெறிக்கும் காலி உறை கொதிக்கும், அது கழுத்து வழியாக உள்ளே விழுந்தால் ஆள் துள்ளுவார், கையில் இருக்கும் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும். அப்படி விழுந்தால் தோல் சுடட்டும், கொப்புளம் வந்தாலும் பரவாயில்லை, முதலில் துப்பாக்கியை டார்கெட் பார்த்தபடி கீழே வைத்துவிட்டுத்தான் சட்டையை உதற வேண்டும். இதைப் போகும் வழியிலேயே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

9 மி.மீ. சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும், உள்ளரங்கில் எதிரொலியும் சேரும். நுரை அடைப்பான் மட்டும் போதாது, அதன் மேல் இயர்மஃப்பும் போடுங்கள். எலக்ட்ரானிக் மஃப்தான் என் கட்சி. வெடிச்சத்தத்தை அமுக்கிவிட்டுப் பேச்சைக் கேட்க விடும், ரேஞ்ச் அதிகாரி "சீஸ் ஃபயர்" (சுடுவதை நிறுத்து) என்று கத்தினால் காதில் விழும். ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் போதுமானது, அதற்கு மேல் செலவு செய்வது உங்கள் ஆசை. கண்ணாடி கட்டாயம், பவர் கண்ணாடி போட்டிருந்தால் அதன் மேல் இன்னொன்று.

லேனில்

பெட்டியை வரவேற்பறையில் திறந்து காட்டாதீர்கள். லேன் (ஒருவர் நின்று சுடும் தடம்) மேசையில் வைத்து, குழல் டார்கெட் பக்கம் இருக்கும்படி பார்த்துத் திறங்கள். டார்கெட் 7 கெஜத்தில், அதாவது ஆறரை மீட்டர் போல. கிட்டத்தில் இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம், பக்கத்து லேன்காரர் உங்களைப் பார்க்கவே மாட்டார்.

.22-ல் ஆரம்பியுங்கள். உதை (சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது) கிட்டத்தட்ட இல்லை, தோட்டாவும் மலிவு, கை பயப்படாமல் ட்ரிகரைப் பழகிக்கொள்ளும். எடுத்தவுடன் 9 மி.மீ.யைச் சுட்டால் முதல் உதையிலேயே கை மிரண்டுவிடும், அந்த மிரட்சியைப் போக்குவதற்கு வாங்கும் தோட்டாச் செலவில் ஒரு .22 வாங்கிவிடலாம்.

எந்தத் துப்பாக்கியானாலும் முதல் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. புதியவர்கள் உதை வந்த அதிர்ச்சியில் தெரியாமலே இரண்டாவது முறை அழுத்துவது உண்டு, அப்போது உள்ளே எதுவும் இருக்கக் கூடாது. இன்னொரு லாபமும் இருக்கிறது: சுட்ட பிறகு ஸ்லைடு பின்னாலேயே நிற்க வேண்டும். நின்றால் மேகசினும் ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும் சரி. எல்லா மேகசினிலும் இப்படிச் செய்யுங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கரால் நம்பர் எழுதிவிடுங்கள். பிறகு ஏதாவது சிக்கினால் "எப்போதும் 2-ம் நம்பர்தான்" என்று பிடித்துவிடலாம். பிறகு இரண்டு, பிறகு ஐந்து.

பிடியில், இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம், முன்னால் பார்த்தபடி. சினிமாவில் வருவதுபோல ஒரு கட்டைவிரலை ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே போட்டால், பின்னால் வரும் ஸ்லைடு தோலைச் சீவிக்கொண்டு போகும்.

குண்டு கீழே இடப்பக்கம் போகிறதா?

இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். வலதுகைக்காரர், நடுவில்தான் குறி வைக்கிறார், ஓட்டைகள் எல்லாம் கீழே இடப்பக்கம். உடனே "சைட் (குறி பார்க்கும் முனை) சரியில்லை" என்று அதைத் தட்டி நகர்த்துவார், அல்லது கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். பொறுங்கள். வெடிக்கப் போகிறது என்று தெரிந்த கை, வெடிப்பதற்கு ஒரு நொடி முன்பே உதையை எதிர்த்துக் கீழே அமுக்குகிறது. உதை வந்து மறைத்துவிடுவதால் இது நம் கண்ணுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஸ்னாப் கேப் என்று வெடிக்காத போலித் தோட்டா சில டாலருக்குக் கிடைக்கும். கூட வந்தவரிடம் சொல்லி நீங்கள் பார்க்காதபோது நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு போலியைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். போலி வரும்போது "க்ளிக்" மட்டும்தான் கேட்கும், ஆனால் குழல் முனை குபுக்கென்று கீழே குத்தும். பார்க்கவே சிரிப்பாக இருக்கும். முனை அசையாமல் நிற்கும்வரை இதையே செய்யுங்கள், கண் முன்பக்கச் சைட்டில், விரல் ட்ரிகரை மெதுவாக நேர்ப் பின்னால். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத மாதிரி.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மணல் மூட்டையில் கையை ஊன்றி ஐந்து குண்டு சுடுங்கள், ரேஞ்ச் அதிகாரியையும் ஐந்து சுடச் சொல்லுங்கள். அவருக்கும் ஓட்டைகள் அதே இடத்தில் விழுந்தால்தான் சைட்டைத் தொட வேண்டும். காலி உறை முழுதாக வெளியேறாமல் ஸ்லைடில் நட்டுக்கொண்டு நிற்பதும் பாதி நேரம் இதே கதைதான்: மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைக்காது.

க்ளிக், புஸ்

ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு சத்தங்கள் இவை. நிஜத் தோட்டா போட்டு "க்ளிக்" என்று மட்டும் கேட்டால், டார்கெட்டைப் பார்த்தபடியே 30 நொடி பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கலாம். பிறகு மேகசினை எடுத்துவிட்டு ஸ்லைடை இழுத்து வெளியே தள்ளுங்கள். .22-ல் இது அடிக்கடி நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

"டப்" என்பதற்குப் பதில் மெலிதாக "புஸ்" என்று கேட்டால் சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடலாம். அதிகாரியைக் கூப்பிடுங்கள், நீங்களாக எதையும் நோண்ட வேண்டாம்.

முடித்த பிறகு

கை சோர்ந்தால் தோட்டா மிச்சம் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். காலி செய்து, அதே வரிசையில் பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வெடிமருந்துப் புகையிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவும்வரை காரில் இருக்கும் முறுக்கைத் தொடாதீர்கள். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் இங்கே நிஜமாகவே உதவும். சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

பிற்சேர்க்கை: இடதுகைக்காரர்கள் சிலர் "எனக்கு வலப்பக்கம் கீழே போகிறது, துப்பாக்கிதான் பழுதா?" என்று கேட்டிருந்தார்கள். இல்லை, அதே வியாதி கண்ணாடியில் தெரிகிறது. போலித் தோட்டா வைத்தியம் உங்களுக்கும் அதேதான். கிளாக் ஐந்தாம் தலைமுறையில் ஸ்லைடை நிறுத்தும் கொக்கி இரண்டு பக்கமும் உண்டு, மேகசின் பொத்தானையும் பக்கம் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். அதை ரேஞ்சுக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்துவிடுங்கள்.