கிராண்ட்வியூவில் டென்ட் போடப் போகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

கலிபோர்னியாவில் பெயர் தெரிந்த கேம்ப் கிரவுண்டுகளில் கோடை வார இறுதிக்கு இடம் பிடிப்பது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பது மாதிரிதான். அந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்யோ தேசிய வனத்தில், வெள்ளை மலைத் தொடர் மேலே கிராண்ட்வியூ இருக்கிறது. இருபத்து சொச்சம் இடங்கள், முன்பதிவே கிடையாது, முந்தி வருபவருக்கு இடம். கட்டணம்கூட நன்கொடைதான். ஆனால் தண்ணீர் இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, சுமார் 8,600 அடி உயரம். இந்த மூன்றுக்கும் தயாராகப் போனால் போதும், மற்றதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

எந்த நாளில் போவது என்பதுதான் முக்கால்வாசி வெற்றி. வியாழன் மதியம் போய்ச் சேர்ந்தால் நல்லது, ஞாயிறு மதியம் இன்னும் நல்லது, ஏனென்றால் அப்போதுதான் வார இறுதிக் கூட்டம் காலி செய்துகொண்டு கிளம்பும். அப்புறம் அமாவாசை. இங்கே வானம் அவ்வளவு இருட்டு என்பதால் அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில் தொலைநோக்கியோடு வருபவர்கள் நிறைய. நீங்களும் நட்சத்திரம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள், நட்சத்திரம் உங்கள் நோக்கம் இல்லையென்றால் பௌர்ணமியை ஒட்டிப் போங்கள், அந்தக் கூட்டம் இருக்காது. எப்படியானாலும் இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள். இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இடம் தேடிச் சுற்றினால், கண்ணை இருட்டுக்குப் பழக்கி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் மனதுக்குள் திட்டுவார்கள், நியாயம்தான்.

வழி சிரமமில்லை. 395 நெடுஞ்சாலையில் பிக் பைன் ஊர், அங்கிருந்து 168இல் கிழக்கே சுமார் 13 மைல் ஏறி, இடது பக்கம் திரும்பும் வெள்ளை மலைச் சாலையில் இன்னும் ஐந்து மைல் போல. பெட்ரோல், ஐஸ், தண்ணீர் எல்லாம் பிக் பைனிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே ஒரு கடையும் இல்லை. குளிர்காலத்தில் பனி விழுந்து மேலே சாலையை மூடிவிடுவார்கள், அதனால் கிளம்புமுன் வனத்துறையின் இணையப் பக்கத்தில் சாலை நிலவரத்தையும் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேலே இடம் நிறைந்திருந்தால் எங்கே போவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிக் பைன் பக்கத்தில் கவுண்டி நடத்தும் கேம்ப் கிரவுண்டுகள் உண்டு.

போனதும் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டென்ட் இல்லை என்பதால் மட்டும் இடம் காலி என்று நினைக்க வேண்டாம், மேசை மேல் ஏதாவது வைத்துவிட்டு மலையேறப் போயிருப்பார்கள். நிழலுக்கு ஆசைப்பட்டு பினியன் பைன் மரத்துக்கு நேர் அடியில் டென்ட் போடாதீர்கள்: அதன் பிசின் சொட்டுச் சொட்டாக விழுந்து துணியில் ஒட்டினால் சோப்புக்கெல்லாம் போகாது. மரத்துக்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளிப் போட்டால் சாயங்கால நிழல் கிடைக்கும். தரை கல்லும் சரளையும். டென்ட்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் இரண்டு தட்டுத் தட்டினாலே வளைந்துவிடும், எனவே ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீளமான இரும்பு ஆணிகளும் ஒரு சுத்தியலும் எடுத்துப் போங்கள். காற்று இல்லாத நேரத்தில் போய் இறங்கினாலும் கயிறுகளை இழுத்துக் கட்டிவிடுவது நல்லது, ராத்திரி எழுந்து கட்டுவது கொடுமை.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், பாத்திரம் கழுவத் தனியாக. சமையலில் ஒரு விஷயம்: அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். சின்ன குக்கர் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் முதல் ராத்திரிக்குப் புளியோதரை, மறுநாளுக்கு உப்புமா. சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்கவே கூடாது. காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், எலி ஒரு முறுக்கு வாசனைக்கே துணியைக் கடித்து உள்ளே வரும்.

ஜூலையிலும் ராத்திரி நன்றாகக் குளிரும். ஸ்லீப்பிங் பேக்கை விட அதற்கு அடியில் போடும் மெத்தைதான் முக்கியம் என்பேன், குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறி வந்தால் சிலருக்குத் தலைவலி வரும். அன்றைக்கு நடையெல்லாம் வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். தலைவலி கூடி வாந்தியும் வந்தால் யோசிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

மறுநாள் காலை இன்னும் ஐந்து மைல் மேலே ஷுல்மன் தோப்புக்குப் போகலாம். 4,800 வயதைத் தாண்டிய மெத்தூசலா என்ற பிரிசில்கோன் பைன் அந்தப் பகுதியில்தான் நிற்கிறது, எந்த மரம் என்று மட்டும் அடையாளம் சொல்ல மாட்டார்கள். கீழே கிடக்கும் காய்ந்த குச்சியைக்கூட எடுக்காதீர்கள், மர வளையங்களை ஆராய்பவர்களுக்கு அதுவும் ஆதாரம்.

கிளம்பும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகு போங்கள். அதற்கென்று ஒரு கேன் தண்ணீரைத் தொடாமல் வைத்திருங்கள். குப்பையெல்லாம் உங்களோடுதான் வர வேண்டும், ஆரஞ்சுத் தோல் உட்பட.