கதவுக்குப் பின்னால் அடங்கிவிடும் கோ-பார் டெக்: கிடார் சட்டம் ஒட்ட ஒரு எளிய அமைப்பு

கிடாரின் மேல்பலகை சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான். கம்பிகளின் இழுப்பை அது தாங்குவது அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சட்டங்களால். 1862-இல் ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரெஸ் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேல்பலகைக்கு மட்டும் நல்ல மரம் போட்டு ஒரு கிடார் செய்தார். ஓசை பெரும்பாலும் மேல்பலகையிலிருந்துதான் பிறக்கிறது என்று காட்டத்தான். அதனால் சட்டம் ஒட்டும் வேலையை நான் அவசரமாகச் செய்வதே இல்லை.

பலகையின் அகலம் கிட்டத்தட்ட 40 செ.மீ. சாதாரண கிளாம்ப் ஓரத்தைப் பிடிக்கும், நடுவுக்கு எட்டாது. எட்டுகிற பெரிய கிளாம்ப் ஒரு டஜன் வாங்கினால் காசும் போகும், சின்ன அறையில் வைக்க இடமும் இருக்காது. கோ-பார் டெக்கில் அந்தத் தொல்லை இல்லை. மேலும் கீழும் ஒவ்வொரு பலகை, நடுவில் வில்லாக வளைத்துச் செருகிய கழிகள். கழி நிமிரப் பார்க்கும் விசையே சட்டத்தை அழுத்தும்.

தேவையானவை: 60 செ.மீ சதுரத்தில் 18 மி.மீ பிளைவுட் இரண்டு, 12 மி.மீ திரெட் ராடு (முழுக்க மரை வெட்டிய இரும்புக் கம்பி) நான்கு, நட்டும் வாஷரும் பதினாறு பதினாறு, ரீப்பர் துண்டுகள் நான்கு, நன்றாகக் காய்ந்த மூங்கில். ராடு ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும், 70 செ.மீட்டராக அறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு பிளைவுட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளிலிருந்து 4 செ.மீ உள்ளே தள்ளி, 13 மி.மீ பிட்டால் சேர்த்தே துளையிடுங்கள். தனித்தனியாகப் போட்டால் துளைகள் நேர் வராது. கீழ்ப்பலகையின் அடியில் இரண்டு ரீப்பரை அடித்துவிட்டால் நட்டுகள் தரையில் இடிக்காது. மீதி இரண்டை மேல் பிளைவுட்டின் முதுகில் திருகுங்கள். இருபது கழிகள் சேர்ந்தால் அறுபது கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும், வெறும் பிளைவுட் வளைந்துவிடும்.

அப்புறம் ராடுகளைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் மேலும் கீழும் நட் போட்டு இறுக்குங்கள். பலகைகளுக்கு நடுவே இடைவெளி 61 செ.மீ இருக்கட்டும்.

இப்போது கழிகள். என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிர் இங்கேதான். மூங்கில் பிளாச்சை 60 செ.மீ நீளம், 15 மி.மீ அகலம், 4 மி.மீ கனத்துக்கு இழைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியைவிடக் கழி குட்டையாகத் தெரியும்; ஆனால் கிடார் பலகையும் சட்டமும் உள்ளே வந்ததும் மிச்ச இடம் கழியின் நீளத்தைவிடக் குறைந்துவிடும், அதனால்தான் கழி வளையும். கனத்தில் கவனம் வேண்டும்: 4 மி.மீ 5 ஆனால் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சமையலறைத் தராசின்மேல் கழியை நிறுத்தி, வளையும் வரை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மூன்று கிலோ அளவு காட்டினால் போதும். கூடினால் இன்னும் இழையுங்கள். இன்னொன்று, வளையத் தொடங்கிய கழியை மேலும் வளைத்தால் அழுத்தம் பெரிதாக அதிகமாகாது. நான் இது தெரியாமல் முதலில் நீளமாக வெட்டி அதிகம் வளைத்தேன்; ஒன்று தெறித்து கிடாரின் ஸ்ப்ரூஸ் மர மேல்பலகையில் பள்ளம் விழுந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கழிகளின் இரு முனையிலும் பழைய சைக்கிள் டியூப் துண்டை ஒட்டிவிட்டால் வழுக்காது.

ஒட்டும்போது அடியில் மெழுகுத்தாள் விரித்து, அதன்மேல் கிடார் பலகையைக் குப்புற வையுங்கள். சட்டத்தில் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, இடத்தில் வைத்து, ஒரு நிமிடம் கையால் அழுத்திப் பிடியுங்கள். உடனே கழி போட்டால் பசை ஈரத்தில் சட்டம் நழுவும். நடுவில் ஒரு கழி, பிறகு இரு பக்கமும் 7 செ.மீட்டருக்கு ஒன்று. பிதுங்கிய பசை ரப்பர் பதத்துக்கு வரும்போது சிறு உளியால் வழித்தெடுத்தால் சுத்தமாக வந்துவிடும். இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

மழை நாளில் மட்டும் ஒட்ட வேண்டாம். ஈரம் குடித்து விரிந்த பலகையில் சட்டத்தை ஒட்டினால், பின்னால் காயும்போது பலகை சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் நாளாகப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் நட்டுகளைக் கழற்றிவிட்டால் இரண்டு பலகைகளும் ஒட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். ராடுகளும் கழிகளும் 75 செ.மீ நீளமுள்ள மூன்று அங்குல பிவிசி பைப்பில் அடங்கும். என் பைப் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.