ப்ராசசர் வாங்கும் முன் போர்டைப் பாருங்கள்

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் சுங்கை சிப்புட் பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த ப்ராசசர் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்ப கேசிங்குள்ள என்ன மதர்போர்டு இருக்கு, தம்பி?" பெரும்பாலும் பதில் வராது. யூடியூப் பார்த்து எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற) எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களுக்கும் தெரிவதில்லை. வெள்ளி (ரிங்கிட்) வீணாகத் தொடங்குவது அங்கேதான். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா பக்கம் குடியிருப்பவர் தவறான சாமானை மறுநாளே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். நாம் ஈப்போவுக்கு ஓட வேண்டும், அல்லது ஷாப்பியில் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும்.

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். போர்டின் பெயர், பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பதிப்பு, அதன் தேதி எல்லாம் வந்துவிடும். அப்படியே கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரையும் ஒருமுறை பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தால், ப்ராசசரை மாற்றிப் பெரிய பயன் இருக்காது. எஃப்பிஎஸ் வரம்பு எதுவும் போடாமலே கார்டு 60 சதவீதத்தில் சோம்பிக் கிடந்தால்தான் ப்ராசசர் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ராம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு குச்சி போட்டு இரட்டைச் சேனலுக்கு மாற்றினாலே சில கேம்கள் நன்றாகச் சீராகிவிடும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, மாற்றத் தேவையில்லாத போர்டை மாற்றுவது. பி450 போர்டும் ஏஎம்டியின் ரைசன் 5 2600-உம் வைத்திருப்பவரிடம் "எல்லாமே பழசாகிவிட்டது" என்று சொல்லி ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம், புது ப்ராசசர் என்று மூன்றையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்த பி450 போர்டின் அதே ஏஎம்4 சாக்கெட்டில் (ப்ராசசர் பொருந்தும் இடத்தில்) ரைசன் 5 5600 உட்காரும். ராமும் போர்டும் அப்படியே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியும், சாமானும் கிடைக்கிறது என்றால் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி. இவற்றில் எல்3 கேஷ், அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், 96 எம்பி. டோட்டா 2, கவுன்டர்-ஸ்டிரைக் 2 மாதிரி ப்ராசசரை நம்பி ஓடும் கேம்களில் அந்தக் கேஷ் நன்றாகவே தெரியும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு, கையில் இருக்கும் டிடிஆர்4 ராமைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதில் ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றிச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதைப் பொருத்திவிட்டுப் பார்த்தால் திரை கறுப்பாகவே இருக்கும். பெரிய கடையில் பழைய ப்ராசசர் ஒன்றைப் போட்டு பயாஸை அப்டேட் செய்து கொடுப்பார்கள். நம் ஊரில் அதற்கு யாரைத் தேடுவது? சில போர்டுகளில் ப்ராசசரே இல்லாமல், யுஎஸ்பி குச்சியிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது. போர்டு தயாரித்த நிறுவனத்தின் ப்ராசசர் பட்டியலில் உங்கள் போர்டின் முழுப் பெயரைத் தேடுங்கள். பின்னால் வரும் வி2 போன்ற எழுத்தைக்கூட விடக் கூடாது. இன்னொன்று, பயாஸ் வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ள வேண்டாம். இடி மழை வந்து பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடக்கூடும். காலை வேளைதான் நல்லது.

இன்டெல் பக்கம் வேறு விதமான பொறி. அலுவலகங்கள் கழித்துவிட்ட ஐ5-6500 பெட்டியில் தொடங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. அதன் சாக்கெட் 1151, ஐ7-9700-இன் சாக்கெட்டும் 1151. பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். 6, 7-ஆம் தலைமுறைக்கான போர்டுகள் 8, 9-ஆம் தலைமுறையை ஏற்காது. அந்தப் போர்டில் ஐ7-7700-க்கு மேல் போக வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் காசு போடாதீர்கள் என்பேன். 7-ஆம் தலைமுறை வரையிலான ப்ராசசர்களில் அநேகமாக எதையும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் ராம் டிடிஆர்4 என்றால், டிடிஆர்4 எடுக்கும் பி660 அல்லது பி760 போர்டும் ஐ5-12400எஃப்-உம் நல்ல சேர்க்கை. இந்த 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டு வேறு, டிடிஆர்5 போர்டு வேறு. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. பழைய கூலருக்கும் 1700-க்கான பிராக்கெட் வேண்டும், துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகிவிட்டது. அலுவலகப் பெட்டியின் கேசிங்கும் பவர் சப்ளையும் பல சமயம் தனி அளவு, தனி இணைப்பு. அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ப்ராசசர் வாங்கிவிட்டுப் போர்டில் கஞ்சத்தனம் செய்வது யானை வாங்கி அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போலத்தான். ஐ5-12400எஃப் அதிகபட்சம் 117 வாட் இழுக்கும், மலிவான எச்610 போர்டு தாங்கும். ஐ7-14700கே 253 வாட் வரை போகும். வெப்பத் தகடு இல்லாத எச்610-இன் விஆர்எம் (ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) சூடேறி, ப்ராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழ் மத்தியானம் விளையாடுகிறவருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எச்610-இல் 3600 வேக டிடிஆர்4 ராமைப் போட்டாலும் அது 3200-இல்தான் ஓடும். மறுபக்கம், ஓவர்கிளாக் செய்ய (வேகத்தை ஏற்ற) முடியாத 12400எஃப்-க்கு, அதற்கென்றே வரும் இசட்790 போர்டு வாங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வந்தால் விலகிப் போங்கள். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் பல காலப்போக்கில் கெட்டன. 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது, ஆனால் ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது. வெளியிலிருந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழைய இன்டெல் போர்டு வாங்கினால் சாக்கெட்டின் பின்களைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். தராதவரிடம் வாங்க வேண்டாம்.

எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசசர்களிலும், ரைசன் 5600 போன்றவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வாரண்டிக்குப் போனால் அது திரும்பும்வரை கணினியில் படமே வராது. தங்கையின் பள்ளிப் பாடமும் அதே கணினியில்தான் என்றால் எஃப் இல்லாத 12400-க்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு.

கடைக்கு நேரில் போனால் போர்டையும் ப்ராசசரையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். அங்கேயே பொருத்தி ஓடவிட்டு, பயாஸ் திரையில் ப்ராசசரின் பெயரும் ராமின் வேகமும் தெரிவதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு பஸ் ஏறுங்கள்.