தொடக்கப் பள்ளியில் குடவோலைப் பாடம்: நடத்தும் முறை

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆயிரம் ஆண்டு என்பது வெறும் சொல். ஆகவே, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உரிய உறுப்பினரை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்துத் தேர்ந்த உத்திரமேரூர்க் குடவோலை முறையைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், முதலில் காலத்தின் நீளத்தைக் கண்ணால் காட்டிவிட வேண்டும். நீளமான கயிறு ஒன்றில் ஓர் அடிக்குப் பத்து ஆண்டு என்று கணக்கு வைத்து முடிச்சிடச் செய்யுங்கள். பிள்ளையின் வயது முதல் அடியில் அடங்கிவிடும். பாட்டி பிறந்த ஆண்டு ஆறேழு அடியிலும், நாடு விடுதலை பெற்ற 1947 ஏறத்தாழ எட்டாவது அடியிலும் வரும். இம்முறையைக் கூறும் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் வெட்டப்பட்ட கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைத் தொட வேண்டுமானால் கயிறு வகுப்பறையைத் தாண்டி 110 அடி போக வேண்டும். அதைப் பிள்ளைகளே பிடித்துக்கொண்டு மைதானம் வரை நடக்கட்டும்.

அடுத்து, தேர்தலை நடத்திக் காட்டுங்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் ஐந்தாறு குழுக்கள் போதும். ஒவ்வொரு குழுவும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்கில், ஓலை கிடைக்காவிட்டால் காகிதத்தில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடட்டும். குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுத்துக் கொடுக்க, அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று உரக்கப் படிக்க வேண்டும் என்று கல்வெட்டே சொல்கிறது. 'விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள்?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். கைக்குள் வேறு ஓலையை ஒளிக்க முடியாது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆசிரியர் முந்திக்கொண்டு விடை சொல்வதுதான் இந்தப் பாடத்துக்கு நேரும் பெரிய இழப்பு.

தகுதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: வயது 35 முதல் 70 வரை, வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை. கணக்கு விதியைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடாமல், இந்தப் பட்டியலின்படி யாரெல்லாம் வெளியே நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரம்மதேய ஊர் என்பதையும், நிலமில்லாத உழவர்க்கு அங்கே குடத்தில் பெயரிட வழியில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'இதுவே இன்றைய மக்களாட்சி' என்று பெருமை பேசி முடித்தால், பிள்ளைகள் பாதிப் பாடத்தையே கற்பார்கள்.

இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது என்ற கேள்விக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் காட்டுங்கள். முழுவதும் படிக்க வராது. தெரிந்த எழுத்து ஒன்றிரண்டைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். உள்ளூர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அழைத்துச் செல்லலாம். ஆனால் எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்பு பூசுவதோ எண்ணெய் தடவுவதோ கூடாது. காலையில் அல்லது மாலையில் சாய்வாக விழும் வெயிலே எழுத்தை எடுத்துக்காட்டும்.

தேர்வு வைக்கும்போது ஆண்டைக் கேட்பதைவிட, குடத்தில் தன் பெயரை இட முடியாத ஒருவர் அன்று அந்தச் சபை மண்டபத்துக்கு வெளியே நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஐந்து வரியில் எது கல்வெட்டில் உள்ளது, எது தாங்களே எண்ணிப் பார்த்தது என்று வேறு வேறு நிற மையால் அடிக்கோடிடவும் பழக்குங்கள்.