பழைய வால்வு டிரான்ஸ்மிட்டரில் குரலை மீட்டெடுத்தல்

1950களில் அமெரிக்காவில் தயாரான ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக உரிமம் பெற்று நடத்தும் வானொலித் தொடர்பு) டிரான்ஸ்மிட்டர்கள் பலவும், ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி கடந்து சென்றால் போதும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை. இரைச்சலுக்கு நடுவே சொற்கள் புரிவதற்கு அது உதவியது. ஆனால் தமிழ் பேசும்போது 'தம்பி', 'தங்கம்', 'மஞ்சள்' போன்ற சொற்களில் மெல்லினத்துக்குப் பின் வரும் எழுத்தின் அதிர்வு பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் பேசுபவர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலிக்கிறார். இங்கே சிங்கப்பூரில் என்னிடமுள்ள பெட்டியும், ஆன்டெனாவுக்குத் திறன் தரும் கடைசி நிலையில் ஒரே ஒரு 6146 வால்வும், அதன் பிளேட்டுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குரலுக்கேற்ப ஏற்றி இறக்கும் பிளேட் பண்பேற்றமும் கொண்ட அத்தகைய ஒன்றுதான். அதைச் சீராக்கிய முறையை, அதே வேலையில் இறங்குவோருக்காக எழுதுகிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளே 600 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். மின்னேற்றத்தை வடிக்க வைத்த மின்தடை எரிந்து அறுந்திருக்கவும் கூடும் என்பதால் அதை நம்பக் கூடாது. சில நிமிடங்கள் காத்திருந்து, காப்பிட்ட கைப்பிடியுள்ள கம்பியை ஒரு மின்தடை வழியாகச் சேசிஸுடன் (பெட்டியின் உலோகச் சட்டத்துடன்) இணைத்து மின்னேற்றத்தை வடித்து, மல்டிமீட்டரில் சுழியம் காட்டுவதைக் கண்ட பிறகே கை வைக்க வேண்டும். பழைய இரட்டைக் கம்பி வயரை எடுத்துவிட்டு, சேசிஸை எர்த்துடன் இணைக்கும் மூன்று கம்பி வயரைப் போடுங்கள். நம்மூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; பெட்டியோ 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டது. இறக்கு மின்மாற்றி வோல்ட்டைத்தான் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. அதனால் உள்ளிருக்கும் மின்மாற்றி கூடுதலாகச் சூடேறும். ஆகவே 110 வோல்ட்டில் ஓட்டி, வால்வு இழைகளுக்கு 6.3 வோல்ட்டுக்கு நெருக்கமாகக் கிடைக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

ஒலியை மேம்படுத்தும் வேலை பழுது நீக்குவதில்தான் தொடங்குகிறது. என் பெட்டியின் அடிப்புறத்தைத் திறந்தபோது, பண்பேற்றிக்கு (குரலை ரேடியோ அலையில் ஏற்றும் பகுதிக்கு) முந்தைய நிலையில் இருந்த காகித மின்தேக்கியின் மெழுகு உருகி, பக்கத்து மின்தடைமேல் வழிந்து உறைந்திருந்தது. சுழியமாக இருக்க வேண்டிய கிரிட்டில் (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையில்) மல்டிமீட்டர் நேர்மின் 1.8 வோல்ட் காட்டியது. மின்தேக்கி கசிந்து, வால்வை அதன் சரியான இயங்குநிலையிலிருந்து தள்ளியிருந்தது. இப்படிப்பட்ட காகித மின்தேக்கிகள் அனைத்தையும் 630 வோல்ட் ஃபிலிம் வகைக்கு மாற்றிவிடுங்கள். சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. பழைய கார்பன் மின்தடைகள் ஈரக்காற்றில் மதிப்பு ஏறிவிடுவதால், ஒவ்வொன்றையும் ஒரு முனையைக் கழற்றி அளப்பது நல்லது. பேச்சுக்கு அடியில் 100 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் மின்வழங்கியின் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளைச் சந்தேகியுங்கள்; 50 ஹெர்ட்ஸாக இருந்தால் இழைக் கம்பிகளையும் எர்த் இணைப்புகளையும் பாருங்கள்.

அடுத்து மைக். இந்தப் பெட்டிகளோடு அதிகம் இணைத்துப் பேசப்படும் ஆஸ்டாடிக் டி-104 ஒரு படிக மைக்; அதன் பழைய படிகம் ரோஷெல் உப்பால் ஆனது. நம் ஊரின் ஈரப்பதத்தில் அந்த உப்பு கரைந்துபோகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் நான் வைத்திருந்த ஒன்றைப் பிரித்தபோது, படிகம் இருந்த இடத்தில் ஈரப்பசைதான் மிஞ்சியிருந்தது. கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் மைக்கையும் அதிலேயே வையுங்கள். படிகம் போய்விட்டால் செராமிக் வகை பொருந்தும். இவ்வகை மைக்குகள் சிறிய மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், உள்ளீட்டு மின்தடை குறைந்தால் தாழ்ந்த ஒலிதான் முதலில் போகும். முதல் கிரிட்டின் மின்தடை 470 கிலோஓம் என்றிருந்தால், அதை 5 மெகாஓமாக உயர்த்துங்கள். என் பெட்டியில் வேறெந்த மாற்றமும் தராத வேறுபாட்டை இந்த ஒன்று தந்தது.

நிலைகளுக்கு நடுவே உள்ள மின்தேக்கிகளுக்கு ஒரு சிறிய கணக்குப் போட வேண்டும். 0.001 மைக்ரோஃபேரட்டும் 470 கிலோஓமும் சேர்ந்தால், சுமார் 340 ஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபல் குறைந்துவிடும். அப்படி இரண்டு நிலைகள் இருந்தால் அதே இடத்தில் இழப்பு 6 டெசிபலாகிறது. 0.0047 மைக்ரோஃபேரட்டாக மாற்றினால் அந்த எல்லை ஏறத்தாழ 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து: குரலுக்கு அது தேவையில்லை, பண்பேற்ற மின்மாற்றியின் இரும்பு மிகத் தாழ்ந்த ஒலியில் திணறும், மின்வழங்கியும் ஒவ்வொரு அசைக்கும் தளரும். மேல் பக்கத்திலும் கட்டுப்பாடு வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏஎம் (வீச்சுப் பண்பேற்ற) அலை 6 கிலோஹெர்ட்ஸ் இடத்தைப் பிடிக்கிறது. நம் வட்டாரத்தில் 40 மீட்டர் அலைவரிசை 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான் என்பதால், பிறருக்கும் இடம் விட்டாக வேண்டும்.

பேசும்போது உறுமலோ கீச்சொலியோ கேட்டால், ரேடியோ அலை ஒலிப்பகுதிக்குள் திரும்பிப் புகுகிறது என்று பொருள். முதல் வால்வின் கிரிட் முனைக்கு மிக அருகில் 47 கிலோஓம் மின்தடையைத் தொடராக வைத்து, மைக் வயருக்கு முழு உறையிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி பண்பேற்றத்தின் அளவு. 600 வோல்ட்டில் 110 மில்லிஆம்பியர் எடுக்கும் 6146க்கு உள்ளீடு 66 வாட். முழுப் பண்பேற்றத்துக்கு அதில் பாதியான 33 வாட் ஒலித்திறனைப் பண்பேற்றி தர வேண்டும். அதன் இரண்டு வால்வுகளும் சமமாக மின்னோட்டம் எடுக்காவிட்டால் ஒலி சிதையும்; ஓய்வு மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், மெதுவாகப் பேசும்போதுதான் கரகரப்பு அதிகம் தெரியும். சோதனையை எப்போதும் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்ளும் மின்தடையில்) செய்யுங்கள். கடைசி நிலை இயங்காமல் பண்பேற்றிக்கு மட்டும் ஒலி கொடுத்தால், மின்மாற்றியில் பொறி பறந்து அது கெட்டுவிடும். அலைக்காட்டியின் (ஆசிலோஸ்கோப்பின்) செங்குத்துப் பக்கத்துக்கு வெளியீட்டு அலையையும் கிடைப் பக்கத்துக்குப் பண்பேற்றும் ஒலியையும் கொடுத்தால் ஒரு சரிவகம் தெரியும். அதன் சாய்ந்த பக்கங்கள் நேராக இருந்தால் நல்லது. அகன்ற முனையில் வளைந்தால் 6146இன் கிரிட் மின்னோட்டம் போதவில்லை அல்லது வால்வு சோர்ந்துவிட்டது. குறுகிய முனை ஒரு புள்ளியாகச் சேர்வது 100 விழுக்காடு. அது கோடாக நீண்டால் ஊர்தி அலை (குரலைச் சுமக்கும் ரேடியோ அலை) அறுபட்டு, பக்கத்து அலைவரிசைகளில் சிதறுகிறது.

சோதனைக்கு 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான்' என்று சொல்லி, அருகிலுள்ள ரிசீவரில் பதிவுசெய்து கேளுங்கள். லகரமும் ழகரமும் தனித்தனியே விழ வேண்டும். மனிதக் குரலின் அலை இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. பெரிய முகடுகள் கீழ்நோக்கி வந்தால் ஊர்தி அலை சீக்கிரம் அறுபடும். அப்படியிருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, மின்னேற்றத்தை வடித்துவிட்டு, பண்பேற்ற மின்மாற்றியின் இரண்டாம் சுற்றின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். பிறகு அதே வாக்கியத்தை அதே தொலைவிலிருந்து, அதே குரலளவில் மீண்டும் பதிவுசெய்து, இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டு எது நல்லதென்று முடிவெடுங்கள்.