குறட்டைக்குப் பல் கருவி: அளவெடுப்பதிலிருந்து மறுபரிசோதனை வரை

உறக்கத்தில் குறட்டை திடீரென நின்று, மூச்சும் 10 விநாடிக்கு மேல் நின்று, பிறகு திணறலோடு திரும்பி வந்தால் அது தொண்டை அடைபடும் மூச்சுத்தடையாக இருக்கலாம். மல்லாந்து உறங்கும்போது கீழ்த்தாடையும் நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கும். கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்து நிறுத்துவதுதான், உறங்கும்போது பற்களில் மாட்டிக்கொள்ளும் பல் கருவியின் வேலை.

ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியவர் பல் மருத்துவர் அல்ல. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்து, உறக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று அளக்கும் ஸ்லீப் ஸ்டடி எடுங்கள். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. முதல் இரண்டுக்கும் பல் கருவி நன்றாகவே உதவும். கடுமையானதற்கு முதலில், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சீபாப் மெஷின்தான். அதை மாட்டி உறங்கவே முடியாதவர்களுக்கு மட்டும் கருவி.

கருவி பிடித்து நிற்க ஒவ்வொரு தாடையிலும் 8 முதல் 10 உறுதியான பற்களாவது வேண்டும். ஆடும் பல், ஈறு வீக்கம், சொத்தை எல்லாவற்றையும் முன்பே சரிசெய்துவிடுங்கள். கருவி செய்த பிறகு பல்லுக்குப் புதிதாகக் கேப் போட்டால் கருவி பொருந்தாது. பல வருடம் பாக்கு மென்று வாய் இறுகியவர்களுக்கு அளவெடுப்பதே சிரமம்.

தாடையை முழுக்கப் பின்னுக்கும் முழுக்க முன்னுக்கும் கொண்டுபோகச் சொல்லி அளப்பார்கள். அந்தத் தூரம் 10 மி.மீ. என்றால் 5 அல்லது 6 மி.மீ. முன்னால் வைத்துத் தொடங்குவது வழக்கம். பிறகு கால் மில்லிமீட்டர் கணக்கில், மருத்துவர் சொன்ன இடைவெளியில் கருவியிலுள்ள திருகைத் திருப்ப வேண்டும். பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். ஒரே வாரத்தில் நிறைய முன்னால் தள்ளினால் காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டு வலிக்கும், கருவியும் அலமாரிக்குப் போய்விடும். வலித்தால் ஒரு திருப்பு பின்னுக்கு வைத்து, வலி அடங்கியபின் தொடருங்கள்.

முதல் சில நாள் எச்சில் ஊறும். அது தானாகக் குறையும். காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பல் சேராதது போலிருக்கும். மருத்துவர் தரும் சிறு கடிபலகையைக் கடித்து, பற்கள் பழையபடி சேரும்வரை பொறுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்: வருடக்கணக்கில் விட்டால் பல் வரிசை நிரந்தரமாக மாறலாம்.

குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரும் குளச்சலில் இரவுக் கடலுக்குப் போகிறவரும் பகலில்தான் உறக்கத்தை ஈடுகட்டுவார்கள். அந்தப் பகல் உறக்கத்துக்கும் கருவி வேண்டும், வள்ளத்தில் கண்ணயர்ந்தாலும் வேண்டும். மது குடித்தால் தொண்டைத் தசை தளர்ந்து கருவியின் பலன் குறையும்.

மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு, பச்சைத் தண்ணீர் போதும். வெந்நீரும் வெயிலும் வடிவத்தைக் கெடுக்கும். ஈரத்தோடு மூடி வைத்தால் நாற்றம் பிடிக்கும். துளையுள்ள டப்பாவில் உலர விடுங்கள். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகையை நம்ப வேண்டாம். எளிதில் தளரும், நுணுக்கமாகத் திருத்தவும் முடியாது.

குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்வதை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். சத்தமில்லாமலும் மூச்சு அடைபடும். அளவு நிலைத்தபின், கருவியை மாட்டிக்கொண்டே இன்னொரு ஸ்லீப் ஸ்டடி எடுத்தால்தான் எண்ணிக்கை இறங்கியதா என்று தெரியும். இறங்கவில்லை என்றால் இன்னும் முன்னால் நகர்த்திப் பார்ப்பார்கள், அல்லது சீபாப்புக்கே திருப்பி அனுப்புவார்கள்.