தடைப் பட்டியலோடு இன்னொரு நாட்டின் கதவைத் தட்டுகிறீர்களா?

போன வாரம், பொருளாதாரத் தடைகளைக் கவனிக்கும் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்தவர், ஒரு கம்பெனியின் சொத்தை முடக்கச் சொல்லி லண்டனுக்கு அனுப்பவிருந்த கடித வரைவைக் காட்டினார். இரண்டாவது பத்தியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே கடிதம். எழுத்துப்பிழை, தேதிக் குழப்பம் எல்லாம் தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். அப்படித் திருந்தாத தவறுகள் இவை.

எல்லா ஊரிலும் 50 சதவீதம் ஒன்றுதான் என்று நம்புவது

அமெரிக்காவில் ஓஃபாக்கின் (தடைகளை அமல்படுத்தும் நிதித்துறை அலுவலகம்) கணக்கு நேரடியானது. தடைப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு கம்பெனியில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், கம்பெனியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் சொத்து முடக்கம்தான். 2014 ஆகஸ்டிலிருந்து பலருடைய பங்குகளையும் கூட்டியே பார்க்கிறார்கள். பிரிட்டனில் 50-ஐத் தாண்ட வேண்டும், சரிபாதி போதாது. சேர்ந்து செயல்பட ஏற்பாடு ஏதும் இருந்தாலொழிய, தனித்தனி ஆட்களின் பங்குகளைத் தானாகக் கூட்டுவதும் இல்லை. ஆனால் கம்பெனி யார் சொல்படி நடக்கிறது என்பதை அங்கே தோண்டுவார்கள். ஓஃபாக்கின் 50 சதவீத விதிக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

இது தெரியாமல் நான் வாஷிங்டனிலிருந்து எழுதினேன். ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 25, ஆக 55 சதவீதம், “ஆகவே இந்தக் கம்பெனி முடக்கப்பட்டது, நீங்களும் முடக்குங்கள்” என்று ஏதோ கூட்டல் கணக்கு பாஸான பையன் மாதிரி. பதினோரு நாள் கழித்து இரண்டு வரிப் பதில்: எங்கள் சட்டப்படி இருவரில் யாரும் பாதியைத் தாண்டவில்லை, வேறு ஆதாரம் உண்டா? உண்டு, எங்கள் கோப்பிலேயே இருந்தது! இயக்குநர்களை நியமிப்பவர், காசோலையில் கையெழுத்திடுபவர் எல்லாம் அந்த 30 சதவீதக்காரர்தான் என்று காட்டும் ஒப்பந்தம். என் கணக்குக்குத் தேவையில்லை என்று இணைக்காமல் விட்டிருந்தேன். அதை அனுப்பி, அவர்கள் படித்து முடிப்பதற்குள் லண்டன் கணக்கு துடைத்து வைத்ததுபோல் காலி. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அதனால் உங்கள் முடிவை அனுப்பாதீர்கள், அவர்கள் சட்டம் கேட்கும் ஆதாரத்தை அனுப்புங்கள். கடிதத்துக்கு முன்னால் ஒரு போன் போட்டு “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் கௌரவம் ஒன்றும் குறையாது.

கப்பலைப் பெயரால் தேடுவது

2022 டிசம்பரில் ரூப்பூர் அணுமின் நிலையச் சரக்கோடு வங்கதேசத்தின் மோங்லா துறைமுகத்துக்கு வரவிருந்த ‘உர்சா மேஜர்’, உண்மையில் அமெரிக்கத் தடையில் இருந்த ‘ஸ்பார்ட்டா 3’. பெயரை மாற்றலாம், பெயின்ட்டை மாற்றலாம், கப்பலின் நிரந்தர அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மாறாது. அமெரிக்கத் தூதரகம் சொல்ல, வங்கதேசம் அனுமதி மறுத்தது.

அடுத்த நாட்டின் தடையை அப்படியே ஆதாரமாக வைப்பது

விடுதலைப் புலிகள் வழக்கு நமக்குத் தெரிந்ததுதான். அவர்களைப் பட்டியலில் தொடர்ந்து வைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவுகளை 2014-இல் அதன் பொது நீதிமன்றம் ரத்து செய்தது, 2017-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. இந்தியாவின் தடையை ஆதாரமாகக் காட்டிய ஒன்றியத்தார், அங்கே தடை செய்யப்பட்டவர்கள் தங்கள் தரப்பைச் சொல்லும் உரிமை காக்கப்பட்டதா என்று சரிபார்த்ததாக எழுதவில்லை. (பிந்தைய முடிவுகளால் பெயர் பட்டியலிலேயே தொடர்ந்தது, அது தனிக் கதை.)

பிரஸ்ஸல்ஸுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பது

தடையைப் போடுவது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம், அமல்படுத்துவது அதன் 27 நாடுகள். கணக்கு எந்த நாட்டு வங்கியில் இருக்கிறதோ அங்கே எழுதுங்கள்.

மேசையில் அச்சடித்து வைத்த பட்டியல்

பழசாகிவிடும், கிழித்துப் போடுங்கள்.